சிறு வில்லையும் பழஞ்சுவடியும்

ஒரு கருவியின் பெருமை அதன் பருமையில் இல்லை என்பதை யாவரும் ஒப்புக்கொள்வர். ஆயினும் கருவி ஒன்றை விலைகொடுத்து வாங்கப் புகுங்கால் அவ்வுண்மை நம் நினைவைவிட்டு அகன்றுவிடுகின்றது. பெரியது நல்லது, புதியது அதனினும் நல்லது, விலை மிக்கது எல்லாவற்றினும் நல்லது என்னும் எண்ணம் நம்மையறியாமலே உள்ளத்திற் குடிபுகுந்துவிடும். இதற்கு மாறாகப் பழையனவெல்லாம் சிறந்தன என்றும், இக்காலத்துச் செய்பொருள்களில் உயிரில்லை என்றும் பேசுவாரும் உளர். இவ்விரு திறத்தாரும் அப்பொருளைக் கையிலெடுத்துச் சோதித்துப் பார்த்தபின் பேசுவது அரிது. காமிராவிற் பொருத்தும் சிறு வில்லையொன்றை யாம் சோதிக்க நேர்ந்த வரலாறு இப்பொருள்பற்றிச் சிறிது சிந்திக்க இடந்தருமாதலின், அதனை எம் கல்லூரி அன்பர்களுக்கு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

எம் கல்லூரி நூலகத்தின் உள்ளறையில், மரப்பெட்டி ஒன்றில் ஓலைச்சுவடிகள் சில நெடுங்காலமாக இருந்துவருகின்றன. அவற்றுள் வைத்திய நூல்கள் உள, எண்சுவடிகள் உள, முதலும் ஈறும் இழந்து, இன்ன நூலென்று அறியவொண்ணாதபடி நடுப்பகுதி மட்டும் எஞ்சிநிற்பனவும் உள. புல்தைலம் தடவிக் காத்துவந்தபோதிலும் சில ஏடுகளின் ஓரம் ஒடிந்து உதிர்கின்றது. கயிற்றை அவிழ்க்குந்தோறும் சில எழுத்துக்கள் துகளாய்ப் பெட்டியின் அடியிற் படிகின்றன. 1887-ஆம் ஆண்டிற் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் ஊரூராகச் சென்று ஏடு தேடிய வரலாறு நம் மாணவர் அறிந்ததே. அவர் காலத்தில் ஏட்டைக் காக்கும் வழி அதனைப் பெயர்த்தெழுதுவதும் அச்சிடுவதுமேயாம். இக்காலத்திலோ ஏட்டின் உருவத்தையே உள்ளவாறு படமாக எடுத்துவைக்கும் வசதி வாய்த்துள்ளது. ஆதலின் நூலகக் குழுவினர் எல்லாச் சுவடிகளையும் நிழற்படமாக எடுத்துவைக்கத் தீர்மானித்தனர். மிக நைந்த கட்டுக்களை ஒருமுறைக்குமேல் அவிழ்த்தல் தகாது என்பது அறிந்தோர் கருத்து. எனவே, எடுத்த படம் தெளிவற்றதாயின் மறுபடியும் எடுப்பதற்கு ஏடு இராது. இதனை வாசகர் மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பின்னர்க் கூறும் சோதனைகளெல்லாம் இதுகுறித்தே எழுந்தன.

காமிரா பௌதிகப் பகுதியில் முன்னரே இருந்தது. அதன் ஒளியுணர் தகடு 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உடையது. நீளவாட்டில் 6000 புள்ளிகளும் அகலவாட்டில் 4000 புள்ளிகளும் அமைந்தது. இவ்வேலைக்குப் பொருந்திய வில்லைதான் இல்லை. அந்நிலையில் எம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர், தாம் 40 ஆண்டுகளுக்கு மேலாகப் போற்றிவைத்திருந்த வில்லையொன்றை அன்பளிப்பாக அனுப்பினார். குழுவிற் சிலர், நிதி திரட்டி அண்மைப் பொருள்களைப் படமெடுப்பதற்கென்றே செய்யப்பட்ட புதிய வில்லையை வாங்கவேண்டுமென்றனர். வேறு சிலர், அவ்வளவு பொருள் கிடைக்குமாயின் அதனைச் சுவடிகளைச் செப்பனிடுவதற்கும் நல்ல பெட்டிகள் செய்வதற்கும் செலவிடலாமே என்றனர். இரு சாராரும் கூறியதில் நியாயம் இருந்தது. முடிவில், "சிறு வில்லை இப்பணிக்குப் போதுமா என்று சோதித்துச் சொல்லுக" என்று எம் மூவரிடம் அவ்வேலையை ஒப்புவித்தனர்.

அவ்வில்லையின் தடிப்பு 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. சட்டைப்பையில் இட்டால் இருக்குமிடம் தெரியாது. குவியத் தூரம் 45 மில்லிமீட்டர். தானே குவியம் கண்டுகொள்ளும் பொறி இதில் இல்லை. வளையத்தைக் கையாற் சுழற்றியே குவியம் காணவேண்டும். ஒளி நுழையும் துவாரத்தை எஃப் 2.8 முதல் எஃப் 16 வரை சுருக்கலாம். கலைப்பகுதி மாணவர்பொருட்டு இவ்வெண்களின் பொருளைச் சொல்லிவிடுகின்றோம். குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்து வரும் ஈவே எஃப் எண். ஆகவே எஃப் 2.8 என்றால் ஈண்டுத் துவாரத்தின் விட்டம் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர். எஃப் 16 என்றால் 3 மில்லிமீட்டருக்கும் சிறிது குறைவு. எண் பெருகப் பெருகத் துவாரம் சிறுகும்.

இதனைச் செய்த தொழிற்சாலையின் பெயர் ஈண்டு வேண்டா. இது டெஸ்ஸார் வகையைச் சார்ந்தது என்பது போதும். அவ்வகையை ஜெர்மனியில் யேனா நகரத்துக் கார்ல் சைஸ் தொழிற்சாலையில் பால் ருடால்ப் என்பவர் 1902-இல் வகுத்தார். நான்கு கண்ணாடிகளை மூன்று தொகுதிகளாக அமைத்தல் அதன் இலக்கணம். நான்கு என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்தே அப்பெயரும் பிறந்தது. "உங்கள் காமிராவின் கழுகுக்கண்" என்று அதனை விளம்பரஞ்செய்தனர். இத்துணைச் சில கண்ணாடிகளைக்கொண்டு இத்துணைத் தெளிவைப் பெறலாம் என்று காட்டியமையால், அவ்வமைப்பு நூறாண்டு கடந்தும் வழக்கிலிருந்து வருகின்றது. சிறிய உருவும் குறைந்த கனமும் வேண்டுமிடத்து வில்லை செய்வோர் மீண்டும் மீண்டும் அதனையே நாடினர்.

எனினும் குற்றமற்ற வில்லை உலகில் இல்லை. ஒரு புள்ளியிலிருந்து புறப்பட்ட கதிர்களெல்லாம் மீண்டும் ஒரு புள்ளியிலேயே கூடவேண்டும் என்பது நாம் வில்லையிடம் எதிர்பார்ப்பது. கோள வடிவான கண்ணாடி அதனை முழுதும் நிறைவேற்றமாட்டாது. அதனால் விளையும் பிறழ்ச்சிகளை ஐந்தாக வகுத்து 1857-இல் கணிதமுறையால் விளக்கினார் சைடெல் என்னும் ஜெர்மானிய அறிஞர். நிறப்பிறழ்ச்சி அவ்வைந்தின் வேறாயது. வில்லை வகுப்போர் ஒரு குற்றத்தைக் குறைத்தால் மற்றொன்று தலைதூக்கும். எனவே வில்லையைச் சோதிப்பதாவது, அதிற் குற்றம் உண்டா என்று கேட்பது அன்று. அதன் குற்றங்கள் யாவை, அவை எம் பணியைத் தாக்குமா என்று கேட்பதேயாம்.

ஆகவே யாம் முதற்கண் எம் பணி யாது வேண்டுகின்றது என்று கணக்கிட்டோம். இவ்வில்லை குவியம் காணத்தக்க மிக அண்மையான தூரம், தகட்டிலிருந்து 60 சென்டிமீட்டர். அத்தூரத்தில் காமிரா ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளமும் 27 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பரப்பைக் காணும். எம் சுவடிகளிற் பெரும்பாலானவை இந்நீளத்துக்குள் அடங்குவன. அப்பொழுது ஏட்டின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் தகட்டிற் சற்றேறக்குறைய 15 புள்ளிகள் கிடைக்கும். எழுத்தாணி கீறிய கோட்டின் அகலம் கால் மில்லிமீட்டர் என்று கொண்டால், அஃது ஏறக்குறைய நான்கு புள்ளிகளில் விழும். தகட்டின்மேல் அதன் அகலம் 0.022 மில்லிமீட்டர். இவ்வளவு நுண்ணிய கோட்டை ஏட்டின் நடுவிலும் இரு கோடியிலும் ஒருபடித்தாகக் காட்டவேண்டும் என்பதே வில்லையின்மேல் யாம் வைத்த கோரிக்கை. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் இல்லை; காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். படிப்பவர்க்கு இருக்கும் இடர்ப்பாடு இதுவே போதும்; வில்லையும் தன் பங்குக்கு ஐயத்தை விளைத்தல் ஆகாது.

வில்லையைச் சோதிக்குமுன் சோதிப்பவனையும் அவன் கருவிகளையும் நேராக்கவேண்டும். கை நடுங்கினும், பலகை சாயினும், குவியம் தவறினும் பழி வில்லையின் தலையிலேயே விழும். யாம் கனத்த மரப்பலகையில் இரும்புத்தூண் ஒன்றை நிறுத்திக் காமிராவைக் கீழ்நோக்கி மாட்டினோம். கொத்தர் கையாளும் ரசமட்டத்தாற் பலகையை மட்டஞ்செய்தோம். பின்னர்ப் பலகைமேற் சமதளக் கண்ணாடி ஒன்றை வைத்து, காமிராவின் வழியே நோக்கினோம். வில்லை தன் உருவத்தைத் தானே படத்தின் சரியான நடுவிற் காணுமாயின், தகடும் பலகையும் ஒன்றற்கொன்று இணையாக உள்ளன என்பது உறுதி. இம்முறை எளியது, விலையுயர்ந்த கருவி எதனையும் வேண்டாதது. விரல்பட்டு அசையாதிருக்கும்பொருட்டு, பத்து விநாடி கழித்துத் தானே படமெடுக்கும் ஏற்பாட்டைக் கையாண்டோம். மின்விசிறியை நிறுத்தினோம், மாடிப்படியில் மாணவர் ஏறியிறங்காத வேளையைத் தேர்ந்தோம்.

கையாற் குவியம் காணுதல் குறைபாடென்று பலர் கருதுவர். இவ்வேலைக்கு அது நன்மையாகவே முடிந்தது. தானியங்கும் பொறி ஏடுதோறும் குவியத்தைப் புதிதாகத் தேடும். தேடுங்கால் ஒரோவிடத்துத் தவறவும் கூடும். யாமோ வளையத்தை அதன் அண்மைக் கோடிவரை சுழற்றி நிறுத்திவிட்டு, காமிராவையே தூணில் மேலும் கீழுமாக நகர்த்திக் குவியம் கண்டோம். வளையம் சென்று முட்டும் இடம் என்றும் மாறாதாகலின், எல்லாப் படங்களும் ஒரே அளவில் அமைந்தன. படத்தின் ஒரு பகுதியைத் திரையிற் பெருக்கிக் காட்டும் வசதி இக்காலக் காமிராக்களில் இருத்தலின், கண்ணின் ஐயமும் நீங்கிற்று.

சோதனைப்பொருள்கள் நான்கு. சக்கரத்தின் ஆரைகள்போலக் கறுப்பும் வெள்ளையுமான ஆப்புக்கள் நடுவை நோக்கிக் குறுகிச்செல்லும் வட்டப்படங்களை அச்சிட்டு, நடுவிலும் நான்கு மூலைகளிலும் ஒட்டினோம். ஆரைகள் எவ்விடத்துக் கலந்து சாம்பல்நிறமாகின்றனவோ, அவ்விடமே வில்லையின் பிரித்துக்காட்டும் ஆற்றலுக்கு எல்லை. கோடுகள் வளைகின்றனவா என்று அறியக் கட்டமிட்ட தாள் ஒன்று. குவியம் நகர்கின்றதா என்று அறியச் சாய்த்து வைத்த அளவுகோல் ஒன்று. இறுதியாக, திடமான நிலையிலுள்ள உண்மையான ஓலையேடு ஒன்று.

எஃப் 2.8-இல் எடுத்த படத்தின் நடுப்பகுதி யாம் எதிர்பார்த்ததினும் தெளிவாக இருந்தது. மூலைகளின் நிலை வேறு. அங்கு ஒரு திசையில் ஓடும் ஆரைகள் தெளிந்தும், அதற்குக் குறுக்கே ஓடுவன மங்கியும் தோன்றின. மூலைக்குக் குவியம் கண்டால் நடு மங்கிற்று. எனவே பிம்பம் தட்டையான தளத்தில் விழாமல் சிறிது குழிந்த பரப்பில் விழுகின்றது என்று அறிந்தோம். மூலைகளில் ஒளியும் குறைந்தது. 45 மில்லிமீட்டர் வில்லையிலிருந்து இத்தகட்டின் மூலைக்குச் செல்லும் கதிர் ஏறத்தாழ 25 பாகை சாய்கின்றது; அச்சாய்வு ஒன்றினாலேயே நடுவில் விழும் ஒளியில் மூன்றில் இரு பங்கே மூலையை அடையும். துவாரம் அகன்றிருக்கையில் வில்லையின் விளிம்பும் ஓரளவு ஒளியை மறைக்கின்றது. எஃப் 4-இல் மூலைகள் சிறிது தேறின, எஃப் 5.6-இல் நன்கு தேறின. எஃப் 8-இல் நடுவுக்கும் மூலைக்குமுள்ள வேற்றுமையை அறிய முயன்று பார்க்கவேண்டியதாயிற்று.

ஆயினும் மேற்புறத்து இடமூலை மட்டும் மற்ற மூன்றோடு ஒவ்வாது பின்தங்கிற்று. இதற்குக் காரணம் தாளோ, பலகையோ, காமிராவோ, வில்லையோ என்று ஆராய்ந்தோம். காமிராவை அதன் அச்சிலே பாதிச்சுற்றுத் திருப்பி மாட்டி மீண்டும் எடுத்தோம். மங்கல் தாளிலும் பலகையிலும் தங்கியதாயின் அது படத்தின் எதிர்மூலைக்கு மாறியிருக்கும். அது மாறவில்லை, படத்தின் அதே மூலையிலேயே நின்றது. பின்னர், பழைய வில்லையைக் காமிராவோடு இணைக்கும் உலோக வளையத்தை ஐயுற்று, அதே வளையத்தில் வேறொரு வில்லையை மாட்டினோம். மூலைகள் நான்கும் ஒத்திருந்தன. ஆகவே எம் வில்லையின் கண்ணாடிகளுள் ஒன்று மயிரிழை சாய்ந்தோ மையம் விலகியோ இருத்தல் வேண்டும் என்னும் முடிவுக்கு வந்தோம். பல்லாண்டுகள் பயன்பட்ட பொருளில் இது வியப்பன்று. எஃப் 8-இல் அக்குறை எழுத்தாணிக் கோட்டின் அகலத்துக்கு மிகக் கீழ்ப்பட்டு ஒடுங்கிவிட்டது.

துவாரத்தைச் சுருக்கச் சுருக்கத் தெளிவு கூடுமாயின் எஃப் 16 ஏன் ஆகாது என்று மாணவர் ஒருவர் கேட்டார், நல்ல வினா. ஒளி அலையாதலின், சிறு துவாரத்தின் வழியே புகுங்கால் விரிந்து பரவும். எத்துணைச் சிறந்த வில்லையும் புள்ளியைப் புள்ளியாகக் காட்டாமல் சிறு வட்டாகவே காட்டும். அவ்வட்டின் அளவை 1835-இல் ஏரி என்னும் ஆங்கில வானநூலார் கணக்கிட்டார். பச்சை ஒளிக்கு எஃப் 8-இல் அதன் விட்டம் ஏறத்தாழ 0.011 மில்லிமீட்டர், எஃப் 16-இல் 0.021 மில்லிமீட்டர். எம் எழுத்தாணிக் கோட்டின் பிம்பம் 0.022 மில்லிமீட்டர் என்று முன்னர்க் கண்டோம். ஆக, எஃப் 16-இல் புள்ளியொன்று கோட்டின் அகலமளவுக்கே பெருத்துவிடுகின்றது. எடுத்த படமும் கணக்கை மெய்ப்பித்தது; நடுவும் மூலையும் ஒருசேர மழுங்கியிருந்தன. எஃப் 8-இல் மற்றொரு நன்மையும் உண்டு. ஒரு புள்ளியளவு மங்கலையே பொறுக்கலாமெனக் கொண்டாலும், ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் ஆழம் தெளிவாகத் தெரியும், எஃப் 2.8-இல் அது 5 மில்லிமீட்டரும் இல்லை. சுருண்டு நெளிந்த ஏட்டை அழுத்தி நிமிர்த்தாமலே எடுக்கலாம் என்பது இதனாற் பெற்ற பெரும்பயன். சாய்த்த அளவுகோலிற் பார்க்க, துவாரத்தைச் சுருக்கியபொழுது குவியம் 2 மில்லிமீட்டர் அளவு பின்னே நகர்ந்தது. ஆதலின் எத்துவாரத்திற் படமெடுப்போமோ அத்துவாரத்திலேயே குவியமும் காண்பதென்று விதித்துக்கொண்டோம்.

அடுத்து, வீணொளி. டெஸ்ஸார் வகையில் காற்றைத் தொடும் கண்ணாடிப் பரப்புகள் ஆறு. பூச்சற்ற பரப்பு ஒவ்வொன்றும் ஒளியில் 100-க்கு 4 பங்கு அளவு திருப்பிவிடுமாதலின், ஆறு பரப்பிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வீணாகும். வீணாவதோடு நில்லாமல், உள்ளே அலைந்து கருமையை வெளுக்கவும் செய்யும். 1935-இல் சைஸ் தொழிற்சாலையைச் சார்ந்த ஸ்மகுலா கண்டறிந்த மெல்லிய பூச்சு இக்குறையைப் பெரிதும் தணித்தது. எம் வில்லையும் பூச்சுடையதே. ஆயினும் கைவிளக்கைப் பின்புறத்திற் பிடித்து நோக்கியபொழுது, முன்கண்ணாடியின் ஓரத்திற் பூஞ்சையின் தடம் நூலிழைபோலத் தெரிந்தது. நம் நாட்டு ஈரக்காற்றில் இது நேர்வதே. அதன் விளைவை அறிய, ஒரே ஏட்டை வெள்ளைத் தாள்மேலும் கறுப்புத் துணிமேலும் வைத்தெடுத்தோம். வெள்ளைத் தாள்மேல் எடுத்த படத்தில் மையின் கருமை சிறிது வெளிறிற்று. கறுப்புத் துணிமேல் எடுத்ததில் எழுத்துக்கள் பளிச்சென்று நின்றன. வில்லையின் முன் கறுப்புக் காகிதத்தாற் சுருட்டிய குழல் ஒன்றும் பொருத்தினோம். கட்டத்தாளில் ஓரக்கோடுகள் வெளிப்புறமாகச் சிறிதே வளைந்தன. எழுத்தைப் படிக்க அது தடையன்று.

இவையெல்லாம் பௌதிகப் பகுதியின் தீர்ப்பு. ஏட்டைப் படிப்பவர் நாமல்லர், தமிழறிஞர். ஆகவே நண்பர் ஒருவரிடம் பெரிய புதிய வில்லையொன்றை இரவலாகப் பெற்று, அதனாலும் எம் வில்லையாலும் அவ்வோலையைப் படமெடுத்து ஒரே அளவாக அச்சிட்டோம். முன்பக்கத்தில் ஒரு குறியும் இடாது, பின்பக்கத்தில் எண் மட்டும் எழுதிக் கலைத்து, சுவடி பயின்றவரும் எம் பழைய தமிழாசிரியருமாகிய பெரியவர் ஒருவர்முன் வைத்து, "ஐயா, இவற்றைப் படித்து, படிப்பதற்கு எளியன எவையென்று கூறியருளவேண்டும்" என்றோம். அவர் இரண்டு மணி நேரம் பொறுமையாக இருந்து படித்தார். எஃப் 2.8-இல் எடுத்ததைப் பார்த்து, "நடுவில் நன்றாயிருக்கிறது, அப்பா, இரு கோடியிலும் எழுத்து கரைந்துபோயிற்று" என்றார். எஃப் 16-இல் எடுத்ததை, "படிக்கலாம், ஆனால் எழுத்தாணி மழுங்கியதுபோலத் தோன்றுகிறது" என்றார். எம் வில்லை எஃப் 8-இல் எடுத்ததையும் பெரிய வில்லை எடுத்ததையும் மாறிமாறிப் பார்த்து, இரண்டனுள் எதனையும் உயர்த்திச் சொல்ல அவரால் இயலவில்லை. ஓரிடத்தில் மட்டும் இரண்டிலும் தயங்கினார். "இது ரகரமா, காலா என்பது ஏட்டிலேயே ஐயம். செய்யுளின் ஓசையைக்கொண்டுதான் துணியவேண்டும்; உங்கள் கண்ணாடி இதற்கு என்ன செய்யும்?" என்று சொல்லி நகைத்தார்.

அச்சொல் எமக்கு ஆராய்ச்சியின் முடிவுரையாகவே அமைந்தது. வட்டப்படத்தின் மூலையை நூறு மடங்கு பெருக்கிப் பார்த்தால் பெரிய வில்லையே சிறந்தது, அதில் ஐயமில்லை. இன்னும் அண்மையிற் சென்று ஏட்டின் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுக்கவேண்டுமாயினும் அதுவே வேண்டும். ஆனால் எம் ஏடுகளை எம் அளவில் எடுப்பதற்குச் சிறு வில்லையின் குறைகள் எழுத்தைத் தொடவில்லை. எஃப் 8 என்னும் துவாரம், கறுப்புத் துணி, காகிதக் குழல், மை தடவிய ஏட்டுக்கு இருபுறத்து விளக்கு, மை தடவாததற்குக் கீறல் நிழல் விழும்படி ஒருபுறத்துச் சாய்ந்த விளக்கு, 40 சென்டிமீட்டருக்கு மிக்க ஏட்டுக்கு இரண்டு படம் என்னும் விதிகளோடு, அதுவே போதும் என்று குழுவினர்க்கு எழுதித் தந்தோம். புதிய வில்லைக்கென எண்ணிய பொருள் சுவடிகளைச் செப்பனிடுவதற்கும் பெட்டிகளுக்கும் ஒதுக்கப்பட்டது. நைந்த கட்டுக்களுள் முதலாவதை அவிழ்த்தபொழுது எம் கைகள் சற்று நடுங்கவே செய்தன, காமிரா நடுங்கவில்லை. அக்கட்டின் ஏடுகளெல்லாம் இன்று படமாக உள்ளன. அவற்றிற் சிலவற்றின் ஓரம் அன்றே உதிர்ந்துபோயிற்று. ஆயினும் அவ்வோரத்து எழுத்துக்கள் படத்தில் நிலைபெற்றன.

மாணவ நண்பர்காள்! கருவியைப் புகழ்வோர் சொல்லையும் இகழ்வோர் சொல்லையும் ஒருங்கே ஒதுக்கிவைத்து, எம் பணிக்கு வேண்டுவது எவ்வளவு என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். பின்னர்க் கருவி தருவது எவ்வளவு என்று அளவுங்கள். இரண்டையும் நேர்மையாக அளந்தவிடத்து வீண்செலவும் குறையும், வீண்விவாதமும் ஓயும். இன்னும் அவிழ்க்கப்படாத கட்டுக்கள் பல உள. சனிக்கிழமை மாலைகளில் நூலகத்தின் உள்ளறைக்கு வந்து, ஏட்டை எடுத்துக்கொடுக்கவும் எண்ணிட்டு வைக்கவும் உதவக்கூடிய பொறுமையுள்ள கைகளை யாம் அன்புடன் எதிர்பார்க்கின்றோம்.